18 செ.மீ. கோரைப்பல் இருந்தும் பிழைக்க முடியாமல் போனது ஏன்? வாள்பல் பூனைகள் அழிந்த கதை

ரஷ்யாவின் யகூட்டியா பகுதி. பூமியிலேயே மிகக் குளிரான இடங்களில் ஒன்று. அங்கே பத்யாரிகா நதிக்கரையில், ஆண்டு முழுக்க உருகாத உறைபனி மண்ணுக்குள்ளிருந்து 2020-ல் ஒரு குட்டி விலங்கின் உடல் கிடைத்தது. தலை, முன்னங்கால்கள், ரோமம், மீசை முடி, நகம் எல்லாமே அப்படியே இருந்தன. நேத்து இறந்த குட்டி மாதிரி தெரிந்த அதன் வயதைக் கணக்கிட்டால், அது இறந்து சுமார் 35,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. இறக்கும்போது அதற்கு வெறும் 3 வாரம்தான்.

பார்க்க சிங்கக்குட்டி போலத் தெரிந்தாலும் அது சிங்கம் இல்லை. வாள்பல் பூனை இனத்தைச் சேர்ந்த ஒரு குட்டி. அதுவரை எலும்பாகவும் பல்லாகவும் மட்டுமே பார்த்திருந்த ஒரு விலங்கை, முதல்முறையாக தோலும் ரோமமுமாகப் பார்க்கிற வாய்ப்பு விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது. 2024 நவம்பரில் ஆய்வு முடிவுகள் வெளியானதும் உலகம் முழுக்க அது செய்தியானது.

ஆனால் கேள்வி இதுதான். யானை இனத்துக் குட்டிகளைக்கூட வேட்டையாடிய, கோடிக்கணக்கான ஆண்டுகள் உலகின் பல கண்டங்களில் ராஜ்யம் நடத்திய இந்த விலங்குகளில் இன்று ஒன்றுகூட இல்லையே, ஏன்? அவ்வளவு பெரிய ஆயுதம் வாயிலேயே இருந்தும் எப்படி அழிந்தன? விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

வாள்பல் புலியா? வாள்பல் பூனையா?

'வாள்பல் புலி' என்றுதான் பலரும் சொல்கிறோம். 2002-ல் வெளியான 'ஐஸ் ஏஜ்' படத்தில் வரும் டியேகோ கதாபாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் இன்னும் பழக்கம். ஆனா உண்மையில் இவை புலிகள் கிடையாது. புலிக்கு நெருங்கிய சொந்தமும் கிடையாது.

பூனைக் குடும்பத்தின் ஒரு தனிக் கிளைதான் வாள்பல் பூனைகள். பழைய எலும்புகளிலிருந்து எடுத்த டி.என்.ஏ-வை ஆராய்ந்தபோது, இன்று உயிரோடு இருக்கும் பூனை இனங்களின் மூதாதையரிடமிருந்து இவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று தெரியவந்தது. நம்ம வீட்டுப் பூனையின் வம்சமும் வங்கப் புலியின் வம்சமும் பிரிந்ததே சுமார் 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, சொந்தம் என்று பார்த்தால் புலிக்கு வாள்பல் பூனையை விட, பால் குடிக்க சமையலறைக்குள் நுழையும் பூனைதான் நெருக்கம்!

இன்னொரு குழப்பமும் உண்டு. டைனோசர்களோடு சேர்த்து இவற்றை வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தவறு. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். வாள்பல் பூனைகள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. இவற்றின் கடைசி இனங்கள் பனியுகத்தில், மனிதர்கள் வாழ்ந்த அதே காலத்தில் வாழ்ந்தவை.

எவ்வளவு பெரியது?

வாள்பல் பூனைகளில் பல வகைகள் இருந்தன. அதில் சூப்பர் ஸ்டார் என்றால் அது 'ஸ்மைலோடான்'தான். வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்தது. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றி, ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தது.

வட அமெரிக்காவில் வாழ்ந்த 'ஸ்மைலோடான் ஃபேட்டலிஸ்' 160 முதல் 280 கிலோ வரை எடை இருந்திருக்கும். கிட்டத்தட்ட இன்றைய புலி அளவு. இதன் கோரைப்பல் வேரோடு சேர்த்து சுமார் 18 செ.மீ. நீளம். தென் அமெரிக்காவின் 'ஸ்மைலோடான் பாப்புலேட்டர்' இன்னும் பெரியது. எடை 400 கிலோ வரை, கோரைப்பல் 28 செ.மீ. வரை. பள்ளிக்கூடப் பையில் இருக்கும் 30 செ.மீ. ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த நீளம். வேர்ப்பகுதி தாடைக்குள் புதைந்திருந்தாலும், வாயை மூடினாலும் பல் வெளியே தொங்கும்.

உடலமைப்பும் வித்தியாசம். புலி, சிறுத்தைக்கு இருப்பது போல நீளமான வால் இல்லை. குட்டையான வால், பருமனான கழுத்து, தூண் போன்ற முன்னங்கால்கள். ஒரு பூனையையும் கரடியையும் சேர்த்துச் செய்தது போல இருக்கும். துரத்திப் பிடிக்கிற உடம்பு இல்லை இது. பதுங்கியிருந்து பாய்ந்து அமுக்குகிற உடம்பு.

முதலில் கரடி, பிறகு கழுதைப்புலி!

இந்தப் பல்லை முதலில் பார்த்த விஞ்ஞானிகளே ஏமாந்துபோனார்கள். ஐரோப்பாவில் கிடைத்த கத்தி போன்ற கோரைப்பற்களைப் பார்த்த பிரெஞ்சு விஞ்ஞானி ஜார்ஜ் குவியே, 1824-ல் அவை ஒரு கரடியுடையவை என்று முடிவு செய்து கரடிப் பெயரையே வைத்தார்.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட், பிரேசிலின் லகோவா சாண்டா பகுதிக் குகைகளில் பல ஆண்டுகள் எலும்புகளைத் தேடியவர். அவருக்குக் கிடைத்த சில பற்களைப் பார்த்து முதலில் கழுதைப்புலி என்று நினைத்தார். மேலும் எலும்புகள் கிடைத்த பிறகுதான் இது பூனை இனம் என்று புரிந்தது. 1842-ல் அதற்கு 'ஸ்மைலோடான்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் கத்தி போன்ற பல் என்று பொருள்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. இமயமலை அடிவாரத்தில் உள்ள சிவாலிக் மலைப் படிவுகளில் 'மெகான்டெரியான்' என்ற வாள்பல் பூனையின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. நம் மண்ணிலும் இவை உலவியிருக்கின்றன.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு நடுவே ஒரு தார்க்குழி

ஸ்மைலோடானைப் பற்றி இவ்வளவு தெரியக் காரணம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள்ளேயே இருக்கும் 'லா ப்ரியா தார்க்குழிகள்'. ஸ்பானிய மொழியில் லா ப்ரியா என்றாலே தார் என்றுதான் அர்த்தம். இங்கே பூமிக்கடியிலிருந்து தார் தானாகவே கசிந்து மேலே வருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கும் குமிழி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

என்ன நடக்கும் தெரியுமா? தாரின் மேல் இலையும் தூசியும் படிந்திருக்கும். அது தெரியாமல் ஒரு பைசனோ குதிரையோ கால் வைக்கும். எறும்பு வெல்லப்பாகில் சிக்குவது போல மாட்டிக்கொள்ளும். அதன் அலறலைக் கேட்டு, சுலபமாகச் சாப்பாடு கிடைக்கும் என்று ஓநாய்களும் வாள்பல் பூனைகளும் ஓடிவரும். அவையும் சிக்கும். ஒரு இரைக்குப் பின்னால் பல வேட்டை விலங்குகள் மாட்டுவதால், இங்கே கிடைத்த பெரிய பாலூட்டிகளில் பெரும்பாலானவை ஊனுண்ணிகள். சாதாரணக் காட்டில் கணக்கு தலைகீழாக இருக்கும்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் அகழாய்வில் 2,000-க்கும் அதிகமான ஸ்மைலோடான்களின் எலும்புகள் இங்கே கிடைத்திருக்கின்றன. தார் ஊறியதால் எலும்புகள் கெடவில்லை. குட்டி, இளசு, கிழடு, காயம்பட்டது, நோயாளி என எல்லா வகையும் உண்டு. அழிந்துபோன ஒரு வேட்டை விலங்குக்கு இப்படி ஒரு ஆவணக் காப்பகம் கிடைப்பது அபூர்வம். இன்று கலிஃபோர்னியாவின் மாநிலப் புதைபடிவமே ஸ்மைலோடான்தான்.

இவ்வளவு நீளப் பல்லால் எப்படிக் கடித்தது?

இங்கதான் ட்விஸ்ட். பல் பெரிதாக இருந்தால் கடியும் பலமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஸ்மைலோடான், சிங்கம் இரண்டின் மண்டையோட்டையும் கணினி மாதிரியாக உருவாக்கி சோதித்தார்கள். பாலத்தின் பலத்தை இன்ஜினீயர்கள் சோதிக்கும் அதே முறை. முடிவு? தாடையின் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஸ்மைலோடானின் கடி சிங்கத்தின் கடியில் மூன்றில் ஒரு பங்குதான்!

காரணம் எளிமையானது. நீளமான பல்லுக்கு இடையே இரையின் கழுத்து நுழைய வேண்டும் என்றால் வாயை மிக அகலமாகத் திறக்க வேண்டும். சிங்கம் சுமார் 65 டிகிரி வரை வாயைத் திறக்கும். ஸ்மைலோடான் சுமார் 120 டிகிரி. அவ்வளவு திறக்கும்படி தாடைத் தசைகள் அமைந்ததால் அவற்றின் இறுக்கும் பலம் குறைந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சிங்கம், புலியின் கோரைப்பல் உருண்டையானது, கூம்பு போன்றது. எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும். வாள்பல் தட்டையானது. குத்துவதற்கும் அறுப்பதற்கும் அருமை. ஆனால் இரை திமிறி பக்கவாட்டில் ஆட்டினால் ஒடிந்துவிடும் ஆபத்து உண்டு. வீட்டில் காய் நறுக்கும் கத்தியை நெம்புகோலாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

அதனால் அதன் வேட்டை முறையே வேறு. சிங்கம் ஒரு எருமையின் தொண்டையைக் கவ்வி, மூச்சு நிற்கும்வரை பல நிமிடங்கள் விடாமல் பிடித்திருக்கும். ஸ்மைலோடானால் அது முடியாது. அது முதலில் இரையைக் கீழே தள்ளி, முன்னங்கால்களால் அசையவிடாமல் அமுக்கும். இரை அடங்கிய பிறகுதான் பல் வேலைக்கு வரும். தடிமனான கழுத்துத் தசைகளின் பலத்தால் தலையைக் கீழ்நோக்கி அழுத்தி, தொண்டையில் பல்லை இறக்கும். மூச்சுக்குழாயும் ரத்தக்குழாய்களும் அறுபட்டால் சில நொடிகளில் கதை முடிந்தது.

இதற்கு எலும்பிலேயே சாட்சி இருக்கிறது. ஸ்மைலோடானின் முன்னங்கால் எலும்புகள் இன்றைய பெரும்பூனைகளுடையதை விட மிகத் தடிமனானவை. 2017-ல் லா ப்ரியாவின் 36,000-க்கும் அதிகமான எலும்புகளைப் பரிசோதித்த ஆய்வில், ஸ்மைலோடானின் காயங்கள் தோள்பட்டையிலும் கீழ்முதுகிலும் அதிகம் இருந்தன. மல்யுத்த வீரருக்கு அடிபடும் இடங்கள். ஓடித் துரத்தும் 'டயர் உல்ஃப்' என்ற பெரிய ஓநாய்களுக்கோ கால்களிலும் கழுத்திலும் காயம். யார் எப்படி வேட்டையாடினார்கள் என்பதை அடிபட்ட இடமே சொல்லிவிடுகிறது.

பல் முளைக்கவே 3 வருஷம்

இவ்வளவு பெரிய ஆயுதம் ஒரே நாளில் கிடைத்துவிடாது. 2015-ல் வெளியான ஒரு ஆய்வின்படி, ஸ்மைலோடானின் நிரந்தரக் கோரைப்பல் மாதத்துக்கு சுமார் 6 மில்லிமீட்டர் வளர்ந்தது. நம்முடைய விரல் நகம் வளரும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. அப்படியிருந்தும் முழுப் பல்லும் வெளிவர குட்டிக்கு ஏறக்குறைய 3 வயதாகிவிடும்.

அதுவரை பாதி வளர்ந்த பல் ஒடிந்துவிடாதா? இதற்கும் இயற்கை ஒரு வழி வைத்திருந்தது. நமக்குப் பால்பல் விழுந்த பிறகுதான் புதுப்பல் வரும். ஸ்மைலோடான் குட்டிக்கோ பால்பல் விழாமல் பல மாதங்கள் புதுப்பல்லின் பக்கத்திலேயே நிற்கும். ஒரே நேரத்தில் மேல்தாடையில் இரண்டு ஜோடி கோரைப்பற்கள்! தார் போட்ட வாழைக்குக் கம்பு நட்டு முட்டுக் கொடுப்போம் இல்லையா, அதே மாதிரி பால்பல் புதுப்பல்லுக்கு முட்டுக் கொடுத்தது என்று 2024-ல் வெளியான ஆய்வு விளக்குகிறது. குட்டி வேட்டை பழகும் வரை, சுமார் 30 மாதங்கள் வரை இந்த ஏற்பாடு நீடித்திருக்கலாம் என்கிறது அந்த ஆய்வு.

இதற்கு என்ன அர்த்தம்? ரொம்ப காலம் அம்மாவை நம்பியே குட்டி வளர்ந்திருக்க வேண்டும். ஈக்வடாரில் கிடைத்த புதைபடிவங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. வயது வந்த ஒரு ஸ்மைலோடானும் அதன் குட்டிகளாக இருக்கக்கூடிய இரண்டு இளம் ஸ்மைலோடான்களும் அங்கே ஒன்றாகக் கிடைத்தன. அந்த இளசுகளுக்கு குறைந்தது 2 வயது. அந்த வயதில் புலிக்குட்டி தாயை விட்டுத் தனியாகக் கிளம்பத் தொடங்கியிருக்கும்.

நொண்டிப் பூனைக்கு சோறு போட்டது யார்?

லா ப்ரியாவில் கிடைத்த ஒரு இடுப்பெலும்பு நீண்ட காலம் புதிராக இருந்தது. மோசமாக உருக்குலைந்த எலும்பு. சண்டையில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தார்கள். 2021-ல் சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது வேறு உண்மை தெரிந்தது. அது காயமே இல்லை. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத பிறவிக் குறைபாடு. இன்று சில வளர்ப்பு நாய்களுக்கு வரும் அதே பிரச்சினை.

யோசித்துப் பாருங்கள். பிறந்ததிலிருந்தே சரியாக நடக்க முடியாத ஒரு பூனை. பாய்ந்து இரையை அமுக்குவது அதற்குச் சாத்தியமே இல்லை. தனியாக வாழும் விலங்காக இருந்தால் குட்டியிலேயே செத்திருக்கும். ஆனால் அது பெரியதாகி, வயது வந்த பூனையாகத்தான் இறந்திருக்கிறது. அப்படியென்றால் அதன் கூட்டம் வேட்டையாடிய இரையில் அதற்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

ஸ்மைலோடான் சிங்கத்தைப் போலக் கூட்டமாக வாழ்ந்தது என்பதற்கு இன்னொரு வாதமும் உண்டு. ஆப்பிரிக்காவில் சிக்கித் தவிக்கும் விலங்கின் அலறலை ஒலிபெருக்கியில் போட்டால், தேடி வருவதில் பெரும்பாலானவை சிங்கம், கழுதைப்புலி போன்ற கூட்டமாக வாழும் விலங்குகள்தான். தனியாக வாழ்பவை அந்த ரிஸ்க்கை எடுப்பது குறைவு. தார்க்குழியில் அவ்வளவு ஸ்மைலோடான்கள் வந்து விழுந்ததையும் இதனோடு பொருத்திப் பார்க்கிறார்கள். சில விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை.

சைபீரியக் குட்டி என்ன சொல்கிறது?

ஆரம்பத்தில் பார்த்த அந்த 3 வாரக் குட்டி ஸ்மைலோடான் இல்லை. 'ஹோமோதீரியம்' என்ற வேறு வகை. ஸ்மைலோடானுக்குப் பல் நீளம் என்றால், ஹோமோதீரியத்துக்கு கால் நீளம். இதன் கோரைப்பல் கொஞ்சம் குட்டை, ஆனால் ஓரத்தில் ரம்பம் போன்ற பற்கள். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, அமெரிக்கா என உலகத்தையே சுற்றி வந்த விலங்கு.

கனடாவில் கிடைத்த ஒரு எலும்பிலிருந்து எடுத்த மரபணுத் தொகுதியை 2020-ல் ஆராய்ந்தபோது, நீண்ட தூரம் களைக்காமல் ஓடுவதற்கும் பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பார்ப்பதற்கும் ஏற்ற மரபணு மாற்றங்கள் தெரிந்தன. டெக்சாஸில் உள்ள ஃப்ரீசன்ஹான் குகையில் ஹோமோதீரியம் எலும்புகளோடு, நூற்றுக்கணக்கான இளம் மாமத்களின் பற்களும் கிடைத்தன. மாமத் என்பது பனியுகத்து யானை. அதன் குட்டிகளை வேட்டையாடி குகைக்கு இழுத்து வந்திருக்கின்றன.

இப்போது சைபீரியக் குட்டிக்கு வருவோம். அதே வயது சிங்கக்குட்டியோடு ஒப்பிட்டபோது, அதன் கழுத்து இரண்டு மடங்குக்கும் மேல் தடிமனாக இருந்தது. வாய் பெரிது, காது சிறிது, முன்னங்கால்கள் நீளம், பாதம் அகலம். அடர் பழுப்பு நிற ரோமம். அகலமான பாதம் பனியில் புதையாமல் நடக்க உதவியிருக்கும். கண் திறந்து சில நாட்களே ஆன குட்டிக்கே அந்தத் தடித்த கழுத்து இருந்தது என்பதுதான் முக்கியம். கோரைப்பல் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, அதைப் பயன்படுத்தும் உடம்பு தயாராகத் தொடங்கிவிட்டது.

ஒரு தடவை இல்லை, 5 தடவை

வாள்பல் என்பது பூனைகளின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. பூனைகளே இல்லாத காலத்தில், 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த 'கோர்கனாப்சியன்' என்ற விலங்குகளுக்கும் வாள்பல் இருந்தது. தென் அமெரிக்காவில் 'தைலகோஸ்மைலஸ்' என்று ஒரு விலங்கு. அது கங்காரு போன்ற பைப்பாலூட்டிகளின் தூரத்துச் சொந்தம். பூனைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனா பல்லைப் பார்த்தால் ஸ்மைலோடானின் அண்ணன் மாதிரி இருக்கும்.

பாலூட்டிகளில் மட்டும் குறைந்தது 5 முறை இந்த வாள்பல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஏன்? 2025 ஜனவரியில் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. 95 ஊனுண்ணிப் பாலூட்டிகளின் பல் வடிவத்தை எடுத்து, எது குறைந்த பலத்தில் சதையைக் குத்தி உள்ளே இறங்குகிறது, எது ஒடியாமல் தாங்குகிறது என்று சோதித்தார்கள். குத்துவதில் முதலிடம் நீண்டு மெலிந்த வாள்பல்லுக்கே. அதைவிடச் சிறந்த வடிவம் கிடையாது என்று சொல்லும் அளவுக்கு அது உச்சத்தில் இருந்தது. அதனால்தான் பரிணாமம் திரும்பத் திரும்ப அங்கேயே போயிருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வு சொல்லும் மறுபக்கமும் உண்டு. குத்துவதில் உச்சத்துக்குப் போன பல், வேறு வேலைகளுக்கு உதவாமல் போனது. எல்லா முறையும் வாள்பல் விலங்குகள் அழிந்தே போயின.

அப்போ எப்படித்தான் அழிந்தன?

பனியுகத்தின் முடிவில் ஸ்மைலோடான் மட்டும் அழியவில்லை. மாமத், மாஸ்டடான், ராட்சத தரை ஸ்லாத், அமெரிக்கக் குதிரை, அமெரிக்க ஒட்டகம், டயர் உல்ஃப் என ஒரு பெரிய பட்டியலே காலியானது. காரணம் தட்பவெப்ப மாற்றமா, மனிதனா என்பது பல பத்தாண்டுகளாக நடக்கும் விவாதம்.

2023-ல் லா ப்ரியாவை வைத்து வந்த ஒரு ஆய்வு இதில் தெளிவான படம் ஒன்றைத் தந்தது. 8 வகை விலங்குகளின் 172 எலும்புகளை கார்பன் முறையில் காலம் கணித்தார்கள். அருகிலுள்ள ஏரியின் அடிமண்ணில் படிந்த மகரந்தத்தையும் கரியையும் சேர்த்துப் பார்த்தார்கள். பூமி சூடாகி, காடு காய்ந்து, மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. அதே நேரத்தில் அந்தப் பகுதியில் மனிதர்களும் பெருகினார்கள். சுமார் 13,200 முதல் 12,900 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான 300 ஆண்டுகளில் காட்டுத்தீ திடீரென எகிறியது. அது முடியும்போது, லா ப்ரியாவில் ஸ்மைலோடான் உள்பட பெரிய பாலூட்டிகள் காணாமல் போயிருந்தன. வெயிலும் வறட்சியும் காட்டை விறகாக்கி வைத்தன, மனிதன் தீப்பொறியைக் கொண்டுவந்தான் என்பதுதான் ஆய்வாளர்களின் வாதம்.

அந்த 8 விலங்குகளில் தப்பித்தது ஒன்றே ஒன்று. கயோட்டி. நம்ம ஊர் நரி போன்ற, ஓநாயை விடச் சிறிய ஒரு விலங்கு.

கயோட்டி ஏன் பிழைத்தது? பல்லின் மேல் உள்ள நுண்ணிய கீறல்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் இதற்கு விடை சொல்கிறார்கள். 2019-ல் வெளியான ஆய்வின்படி, ஸ்மைலோடான் காட்டுக்குள் வாழும் பெரிய தாவர உண்ணிகளை நம்பி வாழ்ந்தது. பெரும்பூனைகள் போன பிறகு கயோட்டி தன் சாப்பாட்டையே மாற்றிக்கொண்டது. எலி, செத்த விலங்கு, பழம் எது கிடைத்தாலும் சரி என்று வாழ்ந்தது. உடம்பின் அளவுகூடச் சுருங்கியது. 'மலைச்சிங்கம்' எனப்படும் ப்யூமாவும் அப்படித்தான். அதன் பல் கீறல்கள், எலும்பு உள்பட கிடைத்ததை மிச்சம் வைக்காமல் தின்றதைக் காட்டுகின்றன. ப்யூமா இன்றும் அமெரிக்காவில் உலவுகிறது.

ஸ்மைலோடானால் இது முடியாதா? 18 செ.மீ. பல்லை வைத்துக்கொண்டு எலி பிடிக்க முடியாது. எலும்பைக் கடித்தால் பல் போய்விடும் ஆபத்து. வேகமாக ஓடும் சிறிய மானைத் துரத்த அந்தக் கனத்த உடம்பு விடாது. பல் முளைக்க 3 ஆண்டு காத்திருக்கும் குட்டியை வளர்க்க நிறைய இறைச்சி வேண்டும். பெரிய இரை நிறைய இருந்தவரை இதெல்லாம் பிரச்சினையே இல்லை. பெரிய இரை குறைந்தபோது, அதே பல்லும் அதே உடம்பும் மாற்று வழிகளை அடைத்துவிட்டன.

மனிதனும் வாள்பல் பூனையும் நேருக்கு நேர்

நம் மூதாதையர்கள் இவற்றை நேரில் பார்த்திருக்கிறார்களா? கண்டிப்பாக. ஜெர்மனியின் ஷோனிங்கன் என்ற இடம், சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழமையான மர ஈட்டிகள் கிடைத்ததால் புகழ்பெற்றது. அதே இடத்தில் ஹோமோதீரியத்தின் எலும்புகளும் கிடைத்தன. அதில் ஒரு முன்னங்கால் எலும்பை, கல் ஆயுதங்களைத் தட்டிக் கூர்மையாக்கும் கருவியாக அந்த மனிதர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரே தண்ணீர்த்துறையில், ஒரே இரைக்குப் போட்டியிட்டவர்கள் இவர்கள்.

மீண்டும் உயிர்ப்பிக்க முடியுமா?

2025 ஏப்ரலில் ஒரு அமெரிக்க நிறுவனம், சாம்பல் ஓநாயின் மரபணுவில் மாற்றம் செய்து டயர் உல்ஃப் போன்ற குட்டிகளை உருவாக்கியதாக அறிவித்தது. உடனே சோஷியல் மீடியாவில் அடுத்த கேள்வி வந்தது: வாள்பல் பூனையையும் கொண்டுவரலாமே?

அவ்வளவு சுலபமில்லை. டயர் உல்ஃபுக்கு ஓநாய் என்ற ஓரளவு நெருங்கிய உறவு உண்டு. வாள்பல் பூனைக்கு அப்படி யாரும் இல்லை. எந்தப் பூனையை எடுத்தாலும் 2 கோடி ஆண்டு இடைவெளி. கரு சுமக்கப் பொருத்தமான தாயும் கிடையாது. கோரைப்பல்லை மட்டும் வைத்துப் பார்த்தால், இன்று இருக்கும் பூனைகளில் மண்டையோட்டு அளவுக்கு மிக நீளமான பல் உள்ளது மேகச் சிறுத்தைக்குத்தான். நம் நாட்டின் வடகிழக்குக் காடுகளில் வாழ்கிறது. ஆனால் அதுவும் வாள்பல் பூனையின் வாரிசு இல்லை.

இன்றைய பூனைகளுக்கு இது சொல்லும் செய்தி

வாள்பல் பூனைகள் ஏதோ தோற்றுப்போன விலங்குகள் என்று நினைக்கக் கூடாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அவை ஜெயித்தன. நம் மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வெற்றியின் அளவு புரியும். அவற்றை வீழ்த்தியது பல்லின் பலவீனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தப் பல்லுக்கு வேலை கொடுத்த காடும் இரையும் போனதுதான் அடி.

இந்தியாவில் புலிகளைக் கணக்கெடுக்கும்போது மான், காட்டெருமை, காட்டுப்பன்றி போன்ற இரை விலங்குகளையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். காரணம் இதுதான். கோரைப்பல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், இரையில்லாத காட்டில் புலி இருக்காது. வேட்டைத்தடுப்புக் காவல் எவ்வளவு முக்கியமோ, மான் மேயும் புல்வெளியும் தண்ணீரும் அதே அளவு முக்கியம்.

சைபீரியப் பனிக்குள் கிடந்த அந்தக் குட்டியின் காலத்தில், அதன் இனம் பூமியின் பல கண்டங்களில் வாழ்ந்துகொண்டிருந்தது. அழிவு வரப்போகிறது என்பதற்கு அறிகுறியே இருந்திருக்காது. அடுத்த சுமார் 25,000 ஆண்டுகளுக்குள், வாள்பல் பூனைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.